ஸ்கோர் பிடிக்கலைன்னா ‘பூ’ (boo) போடலாமா? டிரம் கோர் ரசிகர் நடத்தை, ஸ்கோர் கணக்கு, டூர் விவரங்கள்

இண்டிவாசி

ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை, இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம், டி.சி.ஐ. (டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல்) ஃபைனல்ஸ். கோர்னா கொம்பு, டிரம், கொடியோட கால்பந்து மைதானத்துல நடந்துக்கிட்டே ஷோ நடத்துற இளைஞர் குழு. 12 கோரும் ஆடி முடிச்சாச்சு. 12-ஆவது இடத்திலிருந்து மேல நோக்கி ஸ்கோர் வாசிச்சுக்கிட்டு வர்றாங்க. தன் கோர் ரெண்டாவதுன்னு தெரிஞ்ச நொடியில ஸ்டாண்டுல ஒரு மூலையிலிருந்து ‘பூ’ன்னு எதிர்ப்புச் சத்தம் கிளம்பும். ஃபைனல்ஸ்னு இல்ல, சின்ன ஊர் ஷோக்கள்லயும் இது உண்டு.

இதுல ரசிகர்கள் ரெண்டு கட்சி. ‘நடுவரைத்தானே சொல்றோம், பசங்களை இல்லையே’ங்கிறது ஒண்ணு. களத்துல நிக்கிற பிள்ளைக்கு அந்தச் சத்தம் முகவரி பார்த்தா போய்ச் சேரும்ங்கிறது இன்னொண்ணு. நான் ரெண்டாவது கட்சி. அங்க வாசிக்கிற ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. பெரிய கோர்களோட வேர்ல்ட் கிளாஸ், சின்னக் கோர்களோட ஓபன் கிளாஸ் ரெண்டுலயும் ஜூன் 1 அன்னைக்கு 22 வயசு ஆகியிருந்தா ஆட முடியாது. இந்தக் கோடைக்காக ஆளுக்குப் பல ஆயிரம் டாலர் கட்டிட்டு வந்தவங்க அவங்க.

ஸ்கோர் எப்படி உருவாகுது, எப்போ கைதட்டினா உதவி, எப்போ இடைஞ்சல், டூர்ல என்ன நடக்குதுன்னு தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க. உபதேசம் வேண்டாம், விவரம் வேணும்.

---

மூணாம்வரிசை

எதிர்க்கட்சியா நான் வர்றேன். 2008 ஃபைனல்ஸ்: ஃபேன்டம் ரெஜிமென்ட் 98.125, ப்ளூ டெவில்ஸ் 98.100. வித்தியாசம் 0.025. நூத்துக்கும் மேல பேர் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஓடிக்கிட்டே வாசிக்கிறதை இவ்வளவு நுணுக்கமா எந்த மனுஷனால அளக்க முடியும்? 1993-ல கேடட்ஸ் 97.4, ஸ்டார் ஆஃப் இண்டியானா 97.3. 1996, 1999, 2000 மூணு வருஷமும் முதலிடத்துக்கு ரெண்டு கோர். அளவுகோலையே நம்ப முடியலைன்னா ரசிகன் வாயை மூடிக்கிட்டு இருக்கணுமா?

---

ஹாஷ்மார்க்

மூணாம்வரிசை சார், அந்த 0.025 எங்கிருந்து வருதுன்னு கணக்கைப் பார்த்தா உங்க கோபம் பாதி குறையும்.

மொத்தம் 100. ஜெனரல் எஃபெக்ட் (ஷோ மொத்தமா ஏற்படுத்துற தாக்கம்) 40, விஷுவல் 30, மியூசிக் 30. ஜெனரல் எஃபெக்ட்டுக்கு 20 மதிப்பெண் தாள் ரெண்டு, அது அப்படியே மொத்தத்துல சேரும். விஷுவல்ல மூணு தாள்: ப்ரொஃபிஷியன்ஸி (செய்நேர்த்தி), அனாலிசிஸ், கலர் கார்டு (கொடியும் மர ரைஃபிளும் சுழற்றற பிரிவு). ஒவ்வொண்ணும் 20, கூட்டினா 60, அதைப் பாதியாக்கி 30. மியூசிக்லயும் பிராஸ் (கொம்பு), அனாலிசிஸ், பெர்கஷன் (டிரம் வகை)னு அதே மூணு தாள், அதே பாதி.

அதாவது எஃபெக்ட் நடுவர் ஒருத்தர் 0.1 கூடப் போட்டா மொத்தத்துல 0.1 ஏறும். பிராஸ் நடுவர் அதே 0.1 கூடப் போட்டா 0.05 தான் ஏறும். பெரிய போட்டிகள்ல ஒரே தாளுக்கு ரெண்டு நடுவர் உட்கார்ந்து சராசரி எடுத்தா, அதுல ஒருத்தரோட 0.1 மொத்தத்துல 0.025 ஆகிடும். அதனால 0.025-ஐ யாரும் அளக்கல. ஒரு நடுவர் ஒரு தாள்ல இந்தக் கோரை அந்தக் கோருக்கு ஒரே ஒரு படி மேல வெச்சார், அவ்வளவுதான். படி வெக்கறதுதான் நடுவரோட வேலை. எண் அதுக்கு அடையாளம் மட்டும்.

ஒவ்வொரு தாளும் ரெண்டு பத்தியா இருக்கும். என்ன எழுதிக் கொடுத்திருக்காங்கங்கிறதுக்கு 10, அதை எப்படிச் செஞ்சாங்கங்கிறதுக்கு 10. சண்டை பெரும்பாலும் முதல் பத்தியாலதான் வருது. ரொம்பக் கஷ்டமான ஷோவைச் சின்னச் சின்னக் கறையோட ஆடின கோரும், அதைவிட எளிய ஷோவைப் பளிச்சுனு ஆடின கோரும் கிட்டத்தட்ட ஒரே எண்ணுல வந்து நிக்கும். ஸ்டாண்டுல இருக்கிறவங்க கண்ணுக்கு ரெண்டாவது கோர்தான் சுத்தம். நடுவர் தாள்ல முதல் கோருக்குப் பாரம் அதிகம்.

ஷோ முடிஞ்ச கையோட ரீகேப் தாள் (ஒவ்வொரு தாள்லயும் யாருக்கு எவ்வளவுன்னு காட்டற பட்டியல்) வெளிவரும். கத்துறதுக்கு முன்னாடி அதைத் திறந்து உங்க கோர் எந்தத் தாள்ல இறங்கிச்சுன்னு பாருங்க. கார்டுல 0.3 இறங்கி பிராஸ்ல 0.2 ஏறியிருந்தா கதை முழுக்க அங்கேயே இருக்கு. சாம்பியன்ஷிப் வாரத்துல ஒரு நாள் தாளை மட்டும் வெச்சு முடிவுக்கு வராதீங்க. பிராஸுக்கான ஜிம் ஆட் விருது, பெர்கஷனுக்கான ஃப்ரெட் சான்ஃபோர்ட் விருது, கார்டுக்கான ஜார்ஜ் ஸிங்காலி விருதெல்லாம் மூணு ராத்திரி சராசரியில கொடுக்கிறது அதனாலதான்.

---

மூணாம்வரிசை

கணக்கு புரிஞ்சது. ஆனா பழைய டிக் முறையே நேர்மையா இருந்துச்சே? தப்புக்கு 0.1 கழி, முடிஞ்சது. யாரும் எதையும் ‘ரசிக்க’ வேண்டியதில்ல.

---

ஹாஷ்மார்க்

டிக் முறை 1983-ஓட போச்சு. போனது நல்லதுன்னு நான் நெனைக்கிறேன். கால் தப்பினா 0.1, ஸ்டிக் தப்பினா 0.1, கொம்பு கோணம் தப்பினா 0.1. அப்படின்னா ஷோ எழுதறவர் என்ன செய்வார்? தப்பு வர வாய்ப்புள்ள எதையும் எழுத மாட்டார். ஓட்டத்துல வாசிக்கிறதும் வேண்டாம், கண்ணுக்குப் பழகாத வடிவமும் வேண்டாம்னு ஒதுங்கிடுவார். 1983-லயிருந்து தொடர்ந்து மூணு வருஷம் பட்டம் வாங்கின கார்ஃபீல்ட் கேடட்ஸ் ஷோக்களைப் பாருங்க. ஜார்ஜ் ஸிங்காலி எழுதின டிரில்ல (களத்துல நடந்து போடற வடிவங்கள்ல) வடிவம் ஒரு பக்கம் சாய்ஞ்சு, வளைஞ்சு, வேகமா கரைஞ்சு அடுத்ததா மாறும். டிக் காலத்துக் கட்டம் கட்டமான டிரில்லோட அதை வெச்சுப் பார்த்தாலே மாற்றம் தெரியும். அப்படிப்பட்ட டிரில்லுக்குப் புள்ளி கொடுக்கிற தாள் 1984-லதான் வந்துச்சு.

அதோட டிக் போடறதும் மனுஷக் கண்ணுதான். நடுவர் எந்த வரிசை பக்கத்துல நிக்கிறாரோ அந்த வரிசைக்குத்தான் டிக் விழும்.

---

சென்டர்ஸ்நேர்

கைதட்டல் பத்தி நான் சொல்றேன். இதுல தெரியாம பண்ற தப்புதான் அதிகம். நல்ல மனசோட பண்றாங்க, ஆனா களத்துல அது கெடுதல்.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். கால்பந்து மைதானத்தோட ஆழம் 53⅓ கெஜம், அதாவது 48.8 மீட்டர். பின் கோட்டுல அடிக்கிற ஸ்நேர் டிரம் சத்தம் முன் கோட்டுக்கு வர 0.14 நொடி ஆகும். நிமிஷத்துக்கு 160 வேகத்துல ஒரு பீட் 0.375 நொடி. அப்படின்னா மூணுல ஒரு பங்கு பீட்டுக்கும் மேல தாமதம். முன்னாடி நிக்கிறவன் டிரம் மேஜர் (கையசைச்சுக் கோரை நடத்துறவர்) கையைப் பார்த்து வாசிச்சு, பின்னாடி நிக்கிறவனும் அதே கையைப் பார்த்து வாசிச்சா, ஸ்டாண்டுல ரெண்டும் பிரிஞ்சு கேட்கும்.

அதுக்குத்தான் ‘பின்னாடி கேள்’ங்கிற விதி. பேட்டரி, அதாவது நடந்துக்கிட்டே அடிக்கிற டிரம் பிரிவு, டிரம் மேஜர் கையைப் பிடிக்கும். டிரம் மேஜர் நடு ஸ்நேரோட காலைப் பார்ப்பார். முன்னாடி இருக்கிற கொம்புகளும் ஃப்ரண்ட் என்செம்பிளும் (களத்துக்கு முன்னாடி நின்ன இடத்துலயே வாசிக்கிற பெர்கஷன்) கையை நம்பாம, பின்னாலிருந்து வந்து சேர்ற சத்தத்தோட சேர்ந்து வாசிப்பாங்க. அப்போ எல்லாமே ஒரே நேரத்துல முன் கோட்டைத் தாண்டி ஸ்டாண்டுக்கு வரும். பயிற்சியில மெட்ரோனோம் ஸ்பீக்கரை மைதானத்துக்குப் பின்னாடி வெக்கிறதும் இதுக்காகத்தான். முன்னாடி வெச்சா பசங்களுக்கு முன்னாடி கேட்கிற கெட்ட பழக்கம் ஒட்டிக்கும். அதை உரிச்செடுக்க ரெண்டு வாரம் போயிடும்.

இப்போ ஸ்டாண்டுல ஆயிரம் பேர் பாட்டோட சேர்ந்து தாளம் தட்டறாங்கன்னு வெச்சுக்கோங்க. அங்கிருந்து பின்வரிசைக்கு 80 மீட்டர் இருந்தா கைதட்டல் 0.23 நொடி தாமதமாப் போய்ச் சேரும். 160 வேகத்துல அரை பீட்டுக்கும் மேல. ஸ்டாண்டுக்கு ஷோ வந்து சேர்ந்த தாமதத்தையும் கூட்டினா இன்னும் மோசம். மூடின கூரை இருந்தா எதிர்ச்சுவர்ல பட்டுத் திரும்பற எதிரொலி வேற. பேட்டரி காதுல ரெண்டு தாளம் விழும். பழகின லைன் காதை அடைச்சுக்கிட்டு டிரம் மேஜர் கையோட ஒட்டிக்கும். பழகாத லைன் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் பெர்கஷன் தாள்ல பதிவாகும். ஆதரிக்கிறோம்னு நெனைச்சு அந்தக் கோர்கிட்டயிருந்தே புள்ளியைப் பிடுங்கறோம்.

அதனால தாளம் தட்டாதீங்க. கொம்புகள் பெரிய ஸ்வரக்கூட்டு (chord) ஒண்ணு அடிச்சு நிறுத்தினதும் எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க, அந்த இடைவெளியை எழுதினவரே அதுக்காகத்தான் விட்டிருப்பார். ரைஃபிள் ஆறு சுத்து சுத்திக் கையில வந்து உட்கார்ந்தா கத்துங்க. தனி வாசிப்பு முடிஞ்சதும் தட்டுங்க, நடுவுல வேண்டாம். மெல்லிய பாலட் நடக்கும்போது ‘கமான் சென்டர்!’னு யாராவது கத்தினா அது மைக்ல ஏறி ஸ்பீக்கர் வழியா எல்லாருக்கும் கேட்கும்.

---

கார்டுஅக்கா

சென்டர்ஸ்நேர் தம்பி சொன்னதோட கார்டு பத்தி ஒண்ணு. ரைஃபிள் கீழே விழுந்தா ஸ்டாண்டுல ‘ஓ...’ன்னு முனகறாங்க. அதை விட்டுடுங்க. கீழே விழுந்ததை உடனே எடுத்து அடுத்த கவுண்ட்ல சேர்றதுக்குத் தனியாப் பயிற்சி உண்டு. எங்க குனியலாம், எந்த கவுண்ட்ல விட்டுட்டுப் போகணும், மாற்று ரைஃபிள் களத்துல வெச்சிருக்கிற எந்த ப்ராப் (அரங்கப் பொருள்) பின்னாடி இருக்கு, எல்லாமே முன்கூட்டித் தீர்மானிச்சதுதான். அந்த ரெண்டு நொடியில பிள்ளை கவுண்டை விடாம எண்ணிக்கிட்டு இருக்கும். முனகல் அதைக் கலைக்கும்.

காத்து இன்னொரு விஷயம். 6 அடிக் கம்புல பெரிய பட்டுத்துணி. வீட்டுக்குப் பின்னாடி பழகினது ஒரு எடை, மைதானத்துல குறுக்குக் காத்துல வேற எடை. கம்போட ரெண்டு நுனியிலயும் போல்ட் சொருகி டேப் சுத்திச் சமன் பண்ணியிருப்பாங்க. ஒரு போல்ட் தளர்ந்தாலே டாஸ் (மேல வீசறது) ஒரு சுத்துக் குறைஞ்சு விழும். அதனால ஒவ்வொரு ஷோவுக்கு முன்னாடியும் கம்பைக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பார்க்கணும். ‘கடகட’ன்னா டேப்பை உரிச்சு மறுபடி சுத்தணும்.

---

புதுரசிகன்23

அண்ணே, அக்கா, ஒரு சந்தேகம். ப்ளூகோட்ஸ் உள்ளே வந்தா ஊரே ‘பூ’ன்னு கத்துதே, அது ஏன்?

---

இண்டிவாசி

தம்பி, அது ‘ப்ளூ...’. ஒஹாயோ மாநிலம் கேன்டன் ஊர்க் கோர். அவங்க ரசிகர்கள் கோர் பேரைத்தான் நீட்டிச் சொல்றாங்க, அது வாழ்த்து. 2016-லயும் 2024-லயும் பட்டம் வாங்கினப்போ அரங்கம் முழுக்க அதுதான். தூரத்துலயிருந்து கேட்டா தப்பாத் தெரியும். முதல் தடவை வர்றவங்க அதைப் பார்த்துட்டு ‘இங்க எதிர்ப்புக் காட்டலாம் போல’ன்னு எடுத்துக்கக் கூடாது.

---

டாட்புக்

டூர் பத்திக் கேட்டிருந்தீங்க. பிள்ளையை முதல் டூருக்கு அனுப்பறவங்களுக்கும், ஸ்டாண்டுல உட்கார்ந்து ‘அந்த வரிசை கோணலா இருக்கே’ங்கிறவங்களுக்கும் சேர்த்து எழுதறேன்.

மே கடைசியில ஸ்ப்ரிங் டிரெய்னிங். காலையில விஷுவல் பேஸிக்ஸ், அப்புறம் செக்ஷனல் (பிரிவு பிரிவா), சாயங்காலம் என்செம்பிள் (எல்லாரும் சேர்ந்து). ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். ஜூன் கடைசியில டூர் ஆரம்பிச்சா ஷோ முடிஞ்ச ராத்திரியே பஸ். விடிகாலையில ஏதோ ஒரு ஹைஸ்கூல் ஜிம் தரை. காத்து மெத்தையை ஊதிப் படுத்து, எழுந்து, மறுபடி மைதானம். ஷோ நாள்ல ரிஹர்சல் முடிஞ்சா சாப்பிடு, கட்டு, ஏத்துன்னு மூணே வேலை. அதுல யாராவது பத்து நிமிஷம் தாமதிச்சா கோர் முழுக்க வார்ம்-அப்புல பத்து நிமிஷத்தை இழக்கும்.

டிரில் எப்படி நினைவுல நிக்குதுன்னா, ஒவ்வொரு செட்டுக்கும் (வடிவத்துக்கும்) ஒரு டாட், அதாவது நிக்க வேண்டிய புள்ளி. ‘சைடு ஒண்ணு, 40 கெஜக் கோட்டுக்கு வெளியே 3 ஸ்டெப், முன் ஹாஷுக்குப் பின்னாடி 6 ஸ்டெப்’னு எழுதியிருக்கும். ஹாஷ்னா மைதானத்தோட நீளவாக்குல ஓடற சின்னக் குறிக்கோட்டு வரிசை. 8-க்கு 5-ங்கிறது அடிப்படை அளவு: 5 கெஜத்துக்கு 8 ஸ்டெப், ஒரு ஸ்டெப் 22.5 அங்குலம். சின்னக் கம்பிச் சுருள் நோட்டுல பென்சில்ல எழுதிக் கயிறு கட்டித் தோள்ல மாட்டிப்பாங்க. பேனா வேண்டாம், வியர்வையில ஊறும். நோட்டை ஜிப் பையில போட்டு வெக்கணும். இப்போ போன் ஆப் வந்தாச்சு, ஆனா ஜூலை மத்தியானத்துல போன் சூடாகி அணைஞ்சுடும். ரெண்டும் வேணும்.

கோணல் எங்கிருந்து வருதுங்கிறதுக்கு வர்றேன். ஹைஸ்கூல் மைதானத்துல ஹாஷ் கோடு பக்கக் கோட்டுலயிருந்து 53 அடி 4 அங்குலம். காலேஜ் மைதானத்துல 60 அடி. என்.எஃப்.எல். ஸ்டேடியத்துல 70 அடி 9 அங்குலம். காலேஜ் ஹாஷை வெச்சு எழுதின டிரில்லைப் பகல்ல ஹைஸ்கூல் மைதானத்துல ஓடினா, கோட்டை நம்பி நிக்கிறவன் 6 அடி 8 அங்குலம் தள்ளி நிப்பான், அதாவது மூணரை ஸ்டெப்புக்கு மேல. அதனால போற ஊர்ல எல்லாம் விஷுவல் ஸ்டாஃப் முதல்ல இறங்கி டேப் அளந்து, சொந்த ஹாஷைப் பெயின்ட்லயோ பிளாஸ்டிக் வில்லைலயோ குறிப்பாங்க. அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிச்சா அன்னைக்குப் பயிற்சி முழுக்க வீண். ராத்திரி ஸ்டேடியத்துல கால்பந்து லோகோ, சாக்கர் கோடு, லக்ராஸ் கோடுன்னு ஏழெட்டு நிறம் குறுக்க ஓடும். புதுசா வந்தவங்க தப்பான கோட்டைப் பிடிக்கிறது அங்கேதான். கோட்டைப் பார்க்காம பக்கத்து ஆளோட இடைவெளியைப் பிடிக்கப் பழகினவங்க தப்பிச்சிடுவாங்க.

உடம்பு விஷயம். முதல் ரெண்டு வாரத்துல ஷின் ஸ்ப்ளின்ட், அதாவது முழங்காலுக்குக் கீழ முன் எலும்பு ஓர வலி. ஒண்ணுமே நடக்காம இருந்த காலைத் திடீர்னு பத்து மணி நேரம் நடக்க வெச்சா வரும். வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு ஆறேழு வாரம் முன்னாடியே தினமும் வேக நடை, அதுல நாள் விட்டு நாள் ஓட்டம், குதிகால் தூக்கறது, சுவர்ல முதுகைச் சாய்ச்சு நின்னு கால்விரலை மேல தூக்கறதுன்னு பண்ணினா பெரும்பாலும் வராது. வந்துட்டா மறைக்காம ட்ரெய்னர்கிட்ட போகணும். ஆரம்பத்துலயே ஓய்வெடுத்தா தீர்றதை மறைச்சு வெச்சா எலும்புக் கீறல்ல கொண்டுபோய் விடும்.

ஷூ ரெண்டு ஜோடி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்தணும். ஈர ஷூவுலதான் கொப்புளம் வருது. செயற்கைப் புல் வெயில்ல 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும், ஷூ அடியோட பசையே இளகும்.

தண்ணி: ஒரு கேலன் ஜக், பேர் எழுதி. ஆனா தண்ணி மட்டும் போதாது. நாள் முழுக்க வியர்த்து வெறும் தண்ணியாவே குடிச்சா ரத்தத்துல சோடியம் இறங்கி தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அது வெயில் மயக்கம் மாதிரியே இருக்கிறதால இன்னும் தண்ணி கொடுத்துக் கெடுப்பாங்க. உப்பு சேர்ந்த எலக்ட்ரோலைட்டும் உப்புள்ள சாப்பாடும் கூடவே போகணும். குழப்பமாப் பேசினாலோ தடுமாறினாலோ நிழல்ல உட்கார வெச்சு வேடிக்கை பார்க்காம உடனே மருத்துவ உதவியைக் கூப்பிடணும், கூடவே குளிர்ந்த தண்ணியால உடம்பைக் குளிர வெக்கணும்.

சன்ஸ்கிரீனை ரெண்டு மணிக்கு ஒருதரம் பூசணும். நம்ம நிறத்துக்குத் தேவையில்லன்னு விட்டுடறாங்க, தப்பு. காது மடல், கழுத்துப் பின்புறம், காண்ட்ரா (தோள்ல வெச்சு ஊதற பெரிய கொம்பு) தூக்கறவங்களுக்குத் தோள், இந்த மூணு இடம்தான் முதல்ல வெந்து போகும். காண்ட்ரா ஒண்ணு 10 கிலோவுக்குக் குறையாது. வெந்த தோள்ல அதை வெச்சுப் பாருங்க.

---

சென்டர்ஸ்நேர்

டாட்புக் அண்ணே, காது விட்டுப் போச்சு. அமெரிக்கத் தொழில் சுகாதார அமைப்பான நயாஷ் சொல்ற அளவு 85 டெசிபல்ல 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான். டிரம்லைனுக்கு நடுவுல அதெல்லாம் சாதாரணம். நுரை அடைப்பான் போட்டா மேல் ஸ்தாயி எல்லாம் மங்கி, பசங்க எரிச்சல்ல கழட்டிடுவாங்க. எல்லா ஸ்தாயியையும் ஒரே அளவு குறைக்கிற இசைக்கலைஞர் அடைப்பான் வாங்கிக் கொடுங்க. ரெண்டு ஜோடி, ஒண்ணு பஸ்ல தொலையும்.

பயிற்சிக்கான ரப்பர் பேட் மேல வாசிக்கும்போதும் போடணும். ‘பேட்தானே’ன்னு நெனைப்பாங்க, பக்கத்துலயே மெட்ரோனோம் ஸ்பீக்கர் அலறிக்கிட்டு இருக்கும்.

---

சமையல்ட்ரக்

தன்னார்வலரா வரணும்னு நெனைக்கிறவங்களுக்கு. ரசிகரா இருக்கிறதுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

ஒரு பெரிய கோருன்னா களத்துல 165 பேர் வரை. ஸ்டாஃப், டிரைவர், தன்னார்வலர் சேர்ந்தா 200 தட்டுக்கு மேல. ஒரு நாளைக்கு நாலு வேளை: காலை, மதியம், மாலை, ஷோ முடிஞ்சு ராத்திரி ஸ்நாக். எல்லாமே ஒரு செமி டிரெய்லருக்குள்ள இருக்கிற சமையலறையிலிருந்து.

பரிமாறும் வரிசை ரெண்டு பக்கமும் ஓடணும். ஒரே பக்கம் ஓடினா கடைசி ஆள் தட்டு வாங்கறதுக்குள்ள சாப்பாட்டு நேரம் பாதி போயிடும். புரதத்தைத் தன்னார்வலர்தான் பரிமாறணும், மாவுப் பண்டத்தையும் காயையும் அவங்களே எடுத்துக்கலாம். இல்லேன்னா முதல் 100 பேரோட கோழி தீர்ந்துடும். அலர்ஜி, சைவம், வீகன் தட்டுகளைப் பேர் எழுதித் தனி மேசையில, தனிக் கரண்டியோட வெக்கணும். நிலக்கடலை தொட்ட கரண்டி அந்த மேசைக்கு வரவே கூடாது.

குளிர்ந்த உணவு 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல போகக்கூடாது, சூடான உணவு 135-க்குக் கீழ இறங்கக்கூடாது. வெயில்ல மேசை போட்டு வெட்டின தர்பூசணியை விட்டுட்டுப் போனா அது சீக்கிரமே எல்லையைத் தாண்டிடும். ஐஸ் மேல தட்டை வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா வெளியே எடுங்க. தெர்மாமீட்டரை நம்புங்க, கையை நம்பாதீங்க. ஒரே ஜிம்ல படுக்கிற கூட்டத்துல வயித்துப்போக்கு வந்தா ஒரு வாரம் ஷோவே ஆட்டம் காணும். சானிடைசர் எல்லா வயித்துக் கிருமியையும் கொல்லாது, சோப்பும் தண்ணியும் வேணும்.

இன்னொரு முக்கியமான விஷயம். எந்தக் கோர் தட்டுன்னு பார்க்காதீங்க. பக்கத்துக் கோர் டிரக் வழியில நின்னு போச்சுன்னா அவங்களுக்கும் சேர்த்து ஆக்கறது இந்த உலகத்துல வழக்கம். ராத்திரி 0.1-க்கு மோதப் போறவங்கதான், பகல்ல ஒரே சோறு.

---

மூணாம்வரிசை

இது எல்லாம் படிச்சேன். பசங்க பக்கம் எனக்கு எந்தக் குறையும் இல்ல, முதல்லயும் இல்ல. ஆனா டிசைன் பத்தின எதிர்ப்பு வேற. 2000-ல ஜி சுருதி பியூகிளை விட்டு எந்தச் சுருதியும் சரின்னாங்க. 2004-ல மைக், 2009-ல சின்தசைசர், 2014-ல டிராம்போன். இப்போ களம் முழுக்க ப்ராப். பழைய ரசிகன் எங்க போய்ச் சொல்றது?

---

ஹாஷ்மார்க்

சொல்லுங்க சார், தாராளமா. எழுதுங்க, டி.சி.ஐ.-க்குக் கடிதம் போடுங்க, டிக்கெட் வாங்காம இருங்க. அதெல்லாம் பெரியவங்க காதுல விழற வழி. ஒவ்வொரு கோருக்கும் ஒரு நிர்வாகக் குழு இருக்கு, அந்த மாற்றங்களுக்கு ஓட்டுப் போட்டது கோர் நிர்வாகிகள். 19 வயசு மெலோஃபோன்காரர் ஓட்டுப் போடல. அவருக்குக் கொடுத்த ஷோவை அவர் ஆடறார்.

1993 ஸ்டார் ஆஃப் இண்டியானாவை நீங்களே முதல்ல எடுத்தீங்க. அந்த ஷோவுக்கு ஸ்டாண்டுல ஒரு பகுதி முகம் சுளிச்சது இன்னைக்கும் பேச்சுல இருக்கு. அந்த வருஷத்தோட அவங்க போட்டியை விட்டுப் போனாங்க. அந்த அமைப்பிலிருந்து வளர்ந்த ‘ப்ளாஸ்ட்!’ மேடை நிகழ்ச்சி 2001-ல டோனி விருது வாங்குச்சு. அன்னைக்குப் பிடிக்காம போனவங்க ரசனையில குறையில்ல, பிடிக்கலைன்னா பிடிக்கலைதான். பிடிக்காத ஷோவுக்குக் கைதட்டாம உட்கார்ந்திருக்கலாம், அது நாகரிகமான எதிர்ப்பு. ஆனா களத்தை விட்டு வெளியே போகும்போது ஒரு தடவை எழுந்து நின்னு தட்டுங்க. அது ஷோவுக்கு இல்ல, தரையில படுத்து எழுந்த கோடைக்கு.

---

கார்டுஅக்கா

கோர் நிலைக்கும்னு எண்ண முடியாத காலம் இது. சாண்டா கிளாரா வேன்கார்டு 2023-ல களமிறங்கல, 2024-ல திரும்பி வந்தாங்க. 1934-ல ஆரம்பிச்சு பத்துப் பட்டம் வாங்கின கேடட்ஸ் 2024-ல மூடியே போச்சு. 1940-ல தொடங்கின பாஸ்டன் க்ருசேடர்ஸ் முதல் பட்டத்தை 2025-லதான் தொட்டாங்க. எதிரணின்னு நெனைக்கிற கோர் அடுத்த வருஷம் இருக்குமான்னு தெரியாதப்போ, அதோட டி-ஷர்ட்டும் ஒண்ணு வாங்குங்க. கடை வண்டி வருமானம் டீசலுக்குப் போகுது.

---

புதுரசிகன்23

லாட்ல போய்ப் பார்க்கலாம்ங்கிறாங்களே, அதுக்கு ஏதாவது முறை இருக்கா? எங்க உட்காரணும்னும் சொல்லுங்க.

---

சென்டர்ஸ்நேர்

லாட்னா ஸ்டேடியம் வெளியே பார்க்கிங் இடத்துல பேட்டரி வார்ம்-அப் பண்றது. டிக்கெட் வேண்டாம். வளைவா நிக்கிற லைனுக்கும் எதிர்ல நிக்கிற பயிற்சியாளருக்கும் நடுவுல போகாதீங்க. பேஸ் டிரம் லைன் நுனியிலயிருந்து ரெண்டு கை தூரம் விடுங்க, திரும்பும்போது இடிக்கும். வாசிக்கிறவங்ககிட்ட பேச்சுக் கொடுக்காதீங்க, ரெண்டு பாட்டுக்கு நடுவுலயும்தான். ‘டட் டட் டட் டட்’னு எண்ண ஆரம்பிச்சதும் குழந்தைகளை அமைதியா வெச்சுக்கோங்க. அவங்க ஸ்டேடியம் நோக்கி நடக்க ஆரம்பிச்சா வழியை விட்டு ஒதுங்கணும், செல்ஃபி கேட்டு நிறுத்தக் கூடாது.

உட்கார 50 கெஜக் கோட்டுக்கு நேர், முடிஞ்ச அளவு மேல. கீழ் வரிசையில கொம்பு முகத்துல அறையும், ஆனா டிரில் தெரியாது. கோர் களத்துல இருக்கும்போது எழுந்து நடக்காதீங்க. பாப்கார்ன் வாங்கப் போனவங்களை அடுத்த இடைவெளி வரை வாசல்லயே நிறுத்தி வெப்பாங்க, அவங்ககிட்ட சண்டை போடவேண்டாம். முழு ஷோவை வீடியோ எடுக்காதீங்க, பாட்டு உரிமம் சம்பந்தப்பட்டது.

இடி மின்னல் வந்தா ஸ்டாண்டைக் காலி பண்ணச் சொல்வாங்க. கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் காத்திருக்கணும், நடுவுல இன்னொரு இடி கேட்டா கணக்கு மறுபடி முதல்லயிருந்து. ஷோ ரத்தானா சில கோர்கள் ஏதாவது கூரைக்கு அடியில நின்ன இடத்துலயே வாசிக்கும். ஸ்கோர் கிடையாது. கிளம்பிடாதீங்க, விசாரிச்சுட்டுப் போங்க.

---

இண்டிவாசி

வாரம் முழுக்க வர முடிஞ்சவங்களுக்கு: வியாழன் ப்ரிலிம்ஸ், அதுலயிருந்து 25 கோர் வெள்ளிக்கிழமை செமி, அதுலயிருந்து 12 சனிக்கிழமை. ஃபைனல்ஸுக்கு மட்டும் வந்தா 13-ஆவது கோரைப் பார்க்கவே மாட்டீங்க. வெள்ளி ராத்திரி அவங்க கடைசித் தடவையா ஆடிட்டுப் போயிருப்பாங்க. அதே வாரத் தொடக்கத்துல மேரியன் ஊர்ல ஓபன் கிளாஸ் சாம்பியன்ஷிப் நடக்கும். சின்னக் கோர்கள், நல்ல இடம் கிடைக்கும், கூட்டமும் குறைவு. அங்க கைதட்ட ஆள் வேணும்.

---

மூணாம்வரிசை

மேரியனுக்கு இண்டியானாபொலிஸ்லயிருந்து வண்டியில போக எவ்வளவு நேரம் சார்? ரீகேப் தாளை அங்கேயும் போடுவாங்களா?

---

இண்டிவாசி

வடக்க இன்டர்ஸ்டேட் 69 வழியாக் கிளம்பினா ஒண்ணரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம் சார். ரீகேப் உண்டு. ஹைஸ்கூல் ஸ்டேடியம், பெஞ்சு அலுமினியம், அதனால ஒரு குஷன் எடுத்துக்கோங்க. திறந்த வெளி, மழைக்கோட்டும் வேணும். பின்னாடி இருக்கிறவங்களை மறைக்கும், குடை வேண்டாம்.